நீந்துவோர் கதியும் அதை அளந்த வரலாறும்

மேற்கு மலைத் தொடரில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி, ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் கடந்து, கண்மாய் கண்மாயாக நிரப்பிக்கொண்டு கிழக்கே வைப்பாற்றை நோக்கிச் சரிகிற கரிசல் பிரதேசத்திலே, ஆலங்குளம் என்னும் ஊர் சுண்ணாம்புக்கல்லுக்கும் அதைக் கொண்டு சிமெண்டு செய்யும் அரசாங்க ஆலைக்கும் பெயர் பெற்றிருக்கிறதே அல்லாமல், நீச்சலுக்குப் பெயர் பெற்றதன்று. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பிக் கோடை முற்றுமுன் வற்றிவிடும் கண்மாய்களையும், வருஷத்தில் பெரும் பகுதி மணலாகவே கிடக்கும் ஆறுகளையும் உடைய ஒரு சீமையிலிருந்து, நீந்துவோரின் கதியைப் பற்றியும் அதை அளக்கும் முறையைப் பற்றியும் சரித்திரம் சொல்லப் புகுவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆனால் 1910-ஆம் ஆண்டு முதல் 1985-ஆம் ஆண்டு வரையில் இந்தப் பக்கமெல்லாம் இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது என்பதையும், தமிழகத்து நீச்சல் வீரர்களுக்குப் பெரிய பரீட்சைக் களமாகிய பாக் ஜலசந்தியின் இக்கரையில் நிற்கும் தனுஷ்கோடியும் அதே ஜில்லாவில்தான் இருந்தது என்பதையும் நினைத்துப் பார்த்தால், ஜில்லாவின் ஒரு கோடியில் நிகழ்ந்த கிணற்று நீச்சலையும் மறு கோடியில் நிகழ்ந்த கடல் நீச்சலையும் ஒரே கதையின் இரண்டு பகுதிகளாகக் காண்பதில் பிழை ஒன்றும் இல்லை.

கரிசல் சீமையில் நீச்சல் பழக்கம் வளர்ந்த இடம் இறவைக் கிணறு. மின்சார மோட்டார் வருவதற்கு முன்பு, இரண்டு மாடுகள் சரிவான தடத்தில் இறங்க இறங்கக் கூனை நீரோடு மேலே எழும்பி வந்து வாய்க்காலில் கவிழ்கிற கமலைக் கிணறுகள் அகலமாகவும் ஆழமாகவும் வெட்டப்பட்டிருந்தன. அவற்றில் மழைக்காலத்தில் ஏறி நிற்கும் தண்ணீரில்தான் பிள்ளைகள் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டோ, மேலே பெரியவர் ஒருவர் பிடித்திருக்கும் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டோ இறங்கி, நாளடைவில் குடுக்கையும் கயிறும் வேண்டாதவர்களாக ஆயினர். அங்கே திறமையை அளப்பதற்குக் கடிகாரம் இல்லாவிட்டாலும் பிரமாணங்கள் இல்லாமற் போகவில்லை. சுவரைத் தொடாமல் எத்தனை சுற்று வரமுடியும் என்பது ஒரு பிரமாணம். கரையிலிருப்பவர் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்க மூச்சடக்கி எவ்வளவு எண்ணிக்கை வரையில் உள்ளேயே இருக்க முடியும் என்பது மற்றொன்று. முங்கு நீச்சலில் அடிமட்டம் வரை போனதாகச் சொல்லுகிறவன், மேலே வந்ததும் கையைத் திறந்து உள்ளங்கையிலிருக்கும் கரும்பச்சைச் சேற்றைக் காட்டியாக வேண்டும் என்பது இன்னொன்று. அந்தப் பிடி சேறு இல்லாமல் அவன் பேச்சை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. அளவுக்குச் சாட்சி வேண்டும் என்ற இந்த நியாயத்தை உலகத்தின் பெரிய நீச்சல் சங்கங்கள் எவ்வளவு தாமதமாகக் கற்றுக்கொண்டன என்பதைப் பின்னால் சொல்லுகிறேன்.

எண்ணிக்கையைக் கொண்டு உடலுழைப்பின் கதியை நடத்துவது நம்முடைய நாட்டில் மிகப் பழைய வழக்கம். ஏற்றம் இறைப்பவர்கள் சாலின் கணக்கைப் பாட்டிலேயே வைத்துப் பாடினார்கள். எத்தனை சால் ஆயிற்று என்பது பாட்டின் வழியே தெரிந்ததோடு, இறைப்பின் வேகம் ஏறாமலும் இறங்காமலும் இருப்பதற்கும் அந்தப் பாட்டே காவலாக இருந்தது. கடற்கரையில் துடுப்புப் போடுகிறவர்களும் வலை இழுப்பவர்களும் பாடும் அம்பாப் பாட்டும் இந்தக் காரியத்தையே செய்தது. காலத்தை அளக்கும் கருவியோ நீரைக் கொண்டே அமைந்திருந்தது: அடியில் சிறு துளையிட்ட வட்டில் நீரில் மிதந்து, துளை வழியே நீர் ஏறி, அது முழுகும் நேரம் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிஷம். இக்காலத்துப் புதிய நீச்சல்காரர் ஒருவர் 100 மீட்டருக்கு 3 நிமிஷம் என்ற சாதாரணமான கதியில் நிற்காமல் நீந்தினால், ஒரு நாழிகையில் 800 மீட்டர், ஏறக்குறைய அரை மைல், கடந்திருப்பார். வட்டிலும் கிணறும் ஒரே ஊரில் இருந்தும், ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அளந்து பார்க்க வேண்டிய அவசியம் அக்காலத்தவருக்கு நேரவில்லை. கிணற்றில் நீந்துகிறவன் யாருக்கும் நேரத்தின் கணக்குக் கொடுக்க வேண்டியவனல்லன்.

நேரத்தின் கணக்கு ஆலைகளோடு வந்தது. 1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா அவர்கள் ராஜபாளையத்தில் நூற்பாலை நிறுவிய காலத்துக்குப் பின், முறை மாற்றத்துக்கு ஊதும் ஆலைச் சங்கு, ஆலைக்குள் வேலை செய்யாதவர்களுடைய பொழுதையும் வகுக்கத் தொடங்கியது. சங்கு ஊதிவிட்டது என்று பிள்ளைகளைக் கிணற்றிலிருந்து கரையேற்றும் தாய்மார்களுக்கு அது ஒரு வசதி. அதற்கு மேல் அந்தக் காலத்திலும் நீச்சலுக்கும் கடிகாரத்துக்கும் இந்தப் பக்கத்தில் சம்பந்தம் ஏற்பட்டதாகச் சொல்ல முடியாது.

சம்பந்தம் ஏற்பட்ட இடம் வேறு. 1896-இல் ஏதென்ஸில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் குளம் என்பதே இல்லை. விரிகுடாவின் குளிர்ந்த கடலில் 100 மீட்டரை ஹங்கேரி தேசத்து ஆல்ஃபிரட் ஹாயோஸ் 1 நிமிஷம் 22.2 விநாடியில் நீந்தினார். 1900-இல் பாரிஸில் பந்தயங்கள் ஸேன் நதியில், ஓட்டத்தோடு நடந்தபடியால், அங்கே குறிக்கப்பட்ட நேரங்கள் நதிக்கும் மனிதனுக்கும் பொதுவான சொத்தாயின. 1908-இல் லண்டனில்தான் கட்டிய குளத்தில் ஒலிம்பிக் நீச்சல் நடந்தது. சர்வதேச நீச்சல் சம்மேளனம் பிறந்ததும் அவ்வாண்டிலேயே. நிற்கும் நீர், அளந்த சுவர், அளந்த நேரம் ஆகிய மூன்றும் ஒன்று சேர்ந்த பிறகே, ஓர் ஊரில் நீந்தியவனையும் மற்றோர் ஊரில் நீந்தியவனையும் ஒப்பிடுவது அர்த்தமுள்ள காரியம் ஆயிற்று. 1922-இல் ஜானி வைஸ்முல்லர் 100 மீட்டரை 58.6 விநாடியில் நீந்தி ஒரு நிமிஷம் என்ற எல்லையை முதன்முதலாக உடைத்தபோது, அந்தச் செய்தியை உலகம் முழுவதும் ஒரே பொருளில் புரிந்துகொள்ள முடிந்தது.

ஆயினும் அளந்த சுவரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அதைக் கிணற்றில் நீந்தியவர்கள் உடனே அறிவார்கள். ஒரு கிணற்றின் பக்கம் 30 அடி என்று வைத்துக்கொண்டால், அதைப் பதினொரு தடவை குறுக்கே கடந்தால் 100 மீட்டர் ஆகிறது. ஆனால் அந்தப் பதினொரு தடவையும் சுவரைக் காலால் உந்திக்கொண்டு புறப்படுகிறவன், தன் கையின் பலத்தால் மட்டும் அந்தத் தூரத்தைக் கடந்தவனாக மாட்டான். குளம் குறுகக் குறுக உந்துதல் பெருகுகிறது. உந்துதல் பெருகப் பெருக நேரம் குறைகிறது. இந்தக் காரணத்தினாலேயே சம்மேளனம் 1957 முதல் உலக சாதனைகளை நீண்ட குளத்துக்கு மட்டும் உரியனவாக வரையறுத்தது. பிற்காலத்தில் 25 மீட்டர்க் குளத்துக்கு வேறு பட்டியலே ஏற்பட்டது. ஆகவே தம்முடைய கதி இன்னதென்று சொல்லுகிறவர், எந்த நீளமுள்ள குளத்தில் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னவராவார்.

கடிகாரத்தைப் பிடித்திருக்கும் கையின் சூட்சுமம் இதனினும் பெரிது. 1960-இல் ரோமில் நடந்த 100 மீட்டர் பந்தயத்தில், அமெரிக்கரான லான்ஸ் லார்சனுக்கு மூன்று கடிகாரங்கள் 55.0, 55.1, 55.1 என்றும், ஆஸ்திரேலியரான ஜான் டெவிட்டுக்கு மூன்று கடிகாரங்களும் 55.2 என்றும் காட்டியிருக்க, கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கும் நடுவர்கள் சரிபாதியாகப் பிரிந்து, இறுதியில் தலைமை நடுவரின் தீர்ப்பால் தங்கம் டெவிட்டுக்குப் போயிற்று. இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்த அநியாயத்தால் ஒரு நன்மை விளைந்தது. நீந்துகிறவர் தம் கையாலேயே தொட்டு நேரத்தை நிறுத்தும் மின் பலகைகள் 1967-இல் வின்னிபெக் நகரத்துப் பந்தயங்களில் வைக்கப்பட்டு, மறு ஆண்டு ஒலிம்பிக்குக்கும் வந்தன. பிறகு அளவு அதன் மறு எல்லைக்கே சென்றது. 1972-இல் மியூனிக் நகரில் 400 மீட்டர் கலப்பு நீச்சலில் ஸ்வீடனின் குன்னர் லார்சன் 4 நிமிஷம் 31.981 விநாடியிலும், அமெரிக்கரான டிம் மெக்கீ 4 நிமிஷம் 31.983 விநாடியிலும் தொட்டதாகக் கருவி காட்ட, விநாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு வித்தியாசத்துக்குத் தங்கமும் வெள்ளியும் பிரிந்தன. அவர்கள் நீந்திய வேகத்துக்கு அந்த வித்தியாசம் சுமார் 3 மில்லிமீட்டர். குளத்தின் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் கட்டுமானத்திலேயே அதனினும் அதிக வேறுபாடு இருக்கக்கூடும் என்பதை உணர்ந்து, அதன் பின் நூற்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். அளக்கும் கருவிக்கு எங்கே நிற்பது என்று தெரியாது. அளக்கிறவனுக்குத்தான் அது தெரிந்திருக்க வேண்டும்.

பந்தயத்தை அளப்பது ஒன்று. தன்னைத் தானே அளந்துகொள்வது வேறு. இந்த இரண்டாவது காரியத்துக்குப் பெரும் உபகாரம் செய்தவர் ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் ஃபோர்ப்ஸ் கார்லைல். குளத்தின் ஓரத்தில், நீரிலிருந்து தலையைத் தூக்கினாலே கண்ணில் படும்படியாகப் பெரிய முகமும் ஓயாமல் சுழலும் விநாடி முள்ளும் உடைய கடிகாரத்தை நிறுத்தி, ஒவ்வொரு நீச்சல்காரரும் தாமே தம் நேரத்தைப் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கும் வழக்கத்தையும், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக நீந்தும் முறையையும் அவர் பரப்பினார். சீரான கதியை அவர் வற்புறுத்தியதற்குக் காரணம் நீரின் இயல்பிலேயே இருக்கிறது. நீர் தரும் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஒப்பப் பெருகுகிறது; அந்தத் தடையை வெல்ல வேண்டிய சக்தியோ வேகத்தின் கனத்துக்கு ஒப்பப் பெருகுகிறது. நூற்றுக்குப் பத்துப் பங்கு வேகம் கூட்ட விரும்புகிறவர் நூற்றுக்கு முப்பத்து மூன்று பங்கு சக்தி கூடச் செலவழிக்க வேண்டும். முதல் நூறு மீட்டரில் உற்சாக மிகுதியால் இந்த விலையைக் கொடுத்துவிட்டவர், பின்னால் மெதுவாகச் செல்வதால் அதைத் திரும்பப் பெற்றுவிட முடியாது.

கதியை அறியும் முறைகளுள் எளிமையும் நுட்பமும் பொருந்தியது, ஜப்பானிய ஆராய்ச்சியாளர் வாகயோஷியும் அவருடைய சகாக்களும் 1992-இல் வெளியிட்ட கருத்தின் வழியாக வழக்கில் வந்தது. ஒருவர் 400 மீட்டரையும், நன்றாக இளைப்பாறிய பிறகு 200 மீட்டரையும், தம்மால் இயன்ற மட்டும் வேகமாக நீந்தி நேரம் குறித்துக்கொள்கிறார். 400 மீட்டருக்கு 8 நிமிஷமும் 200 மீட்டருக்கு 3 நிமிஷம் 48 விநாடியும் ஆயின என்று கொள்வோம். முன்னதில் பின்னதைக் கழித்தால் மீதி 200 மீட்டருக்கு 4 நிமிஷம் 12 விநாடி. அதாவது 100 மீட்டருக்கு 2 நிமிஷம் 6 விநாடி. புறப்பாட்டின் வேகத்தால் கிடைத்த லாபம் கழிந்துபோய், தேகம் சோர்ந்து விழாமல் நெடுநேரம் தாங்கக்கூடிய கதி எதுவோ அதற்கு மிக அருகில் வரும் எண் மிஞ்சுகிறது. இதோடு வீச்சுக் கணக்கையும் சேர்க்க வேண்டும். 100 மீட்டரை 2 நிமிஷத்தில் நீந்தும் இருவருள் ஒருவர் 80 வீச்சிலும் மற்றவர் 110 வீச்சிலும் நீந்தினால், கடிகாரம் இருவரையும் சமமாகவே காட்டும். ஆனால் முன்னவர் ஒரு வீச்சுக்கு ஒன்றேகால் மீட்டர் போகிறார், பின்னவர் ஒரு மீட்டர்கூடப் போவதில்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்வது எண்ணிக்கை ஒன்றே. கடிகாரம் வந்த பின்பு எண்ணிக்கை தேவையில்லை என்று நினைக்கிறவர்கள், பாதி விஷயத்தை வேண்டுமென்றே கைவிடுகிறார்கள்.

இனிக் கடலுக்கு வருவோம். குளத்தில் நீர் நிற்கிறது, மனிதன் செல்கிறான். கடலில் இருவரும் செல்கிறார்கள். 1875-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24, 25 தேதிகளில் காப்டன் மாத்யூ வெப் ஆங்கிலக் கால்வாயை 21 மணி 45 நிமிஷத்தில் கடந்தபோது, கரைக்கும் கரைக்கும் நேர் தூரம் சுமார் 33 கிலோமீட்டராக இருந்தும், ஏற்ற வற்றங்கள் அவரை இப்படியும் அப்படியும் தள்ளியதால் அவர் சென்ற வழி சுமார் 64 கிலோமீட்டர் நீண்டது. நேர் தூரத்தைக் கொண்டு பார்த்தால் அவருடைய கதி 100 மீட்டருக்கு 3 நிமிஷம் 57 விநாடி. சென்ற வழியைக் கொண்டு பார்த்தால் 2 நிமிஷம் 2 விநாடி. இவற்றுள் எது அவருடைய கதி? இரண்டும் அல்ல என்பதே சரியான விடை. முதலாவதில் கடல் அவரிடமிருந்து திருடியது கலந்திருக்கிறது. இரண்டாவதில் கடல் அவருக்குக் கொடுத்ததும் கலந்திருக்கிறது.

கால்வாயில் சாட்சியின் பிரச்சினையும் எழுந்தது. 1927-இல் டாக்டர் டாரதி லோகன் என்ற பெண்மணி கால்வாயைக் கடந்ததாகப் பிரசித்தி பெற்று, பரிசும் பெற்று, சில நாட்களுக்குள் தாம் வழியில் பெரும் பகுதியைப் படகிலேயே கழித்ததாகவும், இப்படிப்பட்ட சாதனைகளுக்குச் சரியான மேற்பார்வை இல்லை என்பதை உலகுக்குக் காட்டவே அவ்விதம் செய்ததாகவும் அறிவித்தார். அவ்வாண்டிலேயே கால்வாய் நீச்சல் சங்கம் ஏற்பட்டது. அன்று முதல் மேற்பார்வையாளர் படகில் உடன் செல்வதும், நிலையையும் நேரத்தையும் நிமிஷத்துக்கு எத்தனை வீச்சு என்பதையும் குறித்து வைப்பதும் முறையாக வேரூன்றின. கரிசல் கிணற்றில் ஒரு பிடி சேற்றைக் கேட்ட பையன்களுடைய நியாயம் இதுதான்.

பாக் ஜலசந்தியை முதலில் நீந்திக் கடந்த புகழ் யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமிக்கு உரியது. 1954-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வல்வெட்டித்துறையிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 27 மணி நேரம் நீந்தி, அவர் கோடியக்கரையில் ஏறினார். மார்ச்சு, ஏப்ரல் மாதங்களைத் தேர்ந்தெடுப்பதில் கடலோடிகளின் அனுபவ ஞானம் இருக்கிறது: வாடைக் காற்றின் காலம் ஓய்ந்து, தென்மேற்குப் பருவம் இன்னும் பிறக்காத அந்த இடைவெளியில்தான், மன்னார் வளைகுடாவுக்கும் பாக் விரிகுடாவுக்கும் இடையே ஓடும் நீரோட்டம் ஓரளவு அடங்கியிருக்கும். வல்வெட்டித்துறையின் புதல்வரான ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-இல் மன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய் அங்கிருந்து திரும்பவும் நீந்தி, போகவர 51 மணி நேரத்தில் முடித்தார். இரண்டு இரவுகள் தூக்கமின்றி, உப்பு நீரில், கையை ஓயவிடாமல் செல்லும் ஒருவருக்கு வேகம் என்ற சொல்லே பொருந்தாது. தாங்கிக்கொள்ளக்கூடிய மிகச் சிறிய முயற்சி எதுவோ அதைக் கண்டுபிடித்து அதிலிருந்து நூலளவும் விலகாமல் இருப்பதே அவருடைய வித்தை. அவர் 1984-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர் நீத்தார்.

ஒரே மனிதனுடைய கதியைக் கடல் எவ்வளவு மாற்றிக் காட்டும் என்பதற்கு மிகிர் சென்னைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. வங்காளத்தைச் சேர்ந்த இந்த வழக்கறிஞர் 1958 செப்டம்பர் 27-ஆம் தேதி ஆங்கிலக் கால்வாயை 14 மணி 45 நிமிஷத்தில் கடந்தார். நேர் தூரத்தின்படி 100 மீட்டருக்கு 2 நிமிஷம் 41 விநாடி. 1966 ஏப்ரல் 5, 6 தேதிகளில் இந்தியக் கடற்படைக் கப்பல்கள் துணை வர, தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிஷத்தில் வந்து சேர்ந்தார். அவ்வழி நேராகச் சுமார் 30 கிலோமீட்டர். எனவே 100 மீட்டருக்கு 5 நிமிஷத்துக்கும் மேல். எட்டு ஆண்டுகளில் ஒரு வீரனுடைய பலம் பாதியாகிவிட்டது என்று யாராவது சொல்வார்களா? அதே ஆண்டு ஆகஸ்டில் ஜிப்ரால்டர் ஜலசந்தியையும், பிறகு டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், பனாமா கால்வாய் ஆகியவற்றையும் நீந்தியவர் அவர். கை குறையவில்லை, கரையை அடையும் திசைக்குக் குறுக்கே ஓடிய நீர்தான் அந்த நேரத்தைத் தின்றது. அவர் ஏறிய தனுஷ்கோடியோ, 1964 டிசம்பர் புயலில் ரயிலடியும் வீடுகளும் அழிந்து, வரவேற்க ஓர் ஊரே இல்லாத மணல் திட்டாக அப்போது கிடந்தது.

1994-இல், பதின்மூன்று வயதுகூட நிரம்பாத பருவத்தில், குற்றாலீஸ்வரன் பாக் ஜலசந்தியைக் கடந்து, ஒரே ஆண்டில் ஆறு நீர்வழிகளை நீந்தி, மிகிர் சென்னின் ஐந்தைத் தாண்டினார். மறு ஆண்டு தெற்காசிய விளையாட்டுப் பந்தயங்களை முன்னிட்டுச் சென்னை வேளச்சேரியில் ஐம்பது மீட்டர்க் குளம் எழும்பிற்று. கிணற்றுக்கும் கண்மாய்க்கும் பழகிய தென் ஜில்லாப் பிள்ளைகள் அளந்த நீரை முதன்முதலாகக் காண்பதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிற விஷயம். கரையில் நாட்டிய இரண்டு கழிகளும், இடையே அளந்து கட்டிய ஒரு கயிறும், பொறுப்பான ஒரு பெரியவரும் இருந்தால், நிரம்பிய கண்மாயின் ஆழமறிந்த ஓரமே அந்தக் காரியத்துக்குப் போதுமானது.

அண்மைக் காலத்துக் கணக்கு ஒன்றையும் பார்க்கலாம். 2004-இல் வங்காளத்து வீராங்கனை பூலா சௌத்ரி தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 13 மணி 52 நிமிஷத்தில் வந்தார். 2022 மார்ச்சு 20-ஆம் தேதி, ஆட்டிசம் உள்ள பதின்மூன்று வயதுச் சிறுமி ஜியா ராய், தலைமன்னாரிலிருந்து அரிச்சல்முனை வரை 29 கிலோமீட்டரை 13 மணி 10 நிமிஷத்தில் நீந்தினாள். 100 மீட்டருக்கு 2 நிமிஷம் 43 விநாடி. இருவருக்கும் இடையே உள்ள 42 நிமிஷ வித்தியாசம் முழு வழியிலும் பரப்பிப் பார்த்தால் 100 மீட்டருக்கு ஒன்பது விநாடிகூட இல்லை. அந்த ஒன்பது விநாடியில் சிறுமியின் கைக்கு உரியது எவ்வளவு, அன்றைய நீரோட்டத்துக்கு உரியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல, மணிக்கு மணி எடுத்த வீச்சுக் கணக்கும், படகு சென்ற வளைந்த வழியின் படமும், காற்றின் குறிப்பும் கையில் இருக்க வேண்டும். இத்தகைய நீச்சல்கள் நடக்கும் போதெல்லாம் மொத்த நேரத்தை மட்டும் பத்திரிகையில் வெளியிட்டுவிட்டு மற்றவற்றை விட்டுவிடுகிறார்கள். அந்தக் குறிப்புகளையும் சேர்த்து அச்சிட்டால்தான், அடுத்த பங்குனியில் தலைமன்னாரில் இறங்கப்போகும் பிள்ளை, தான் எந்தக் கதியில் புறப்பட வேண்டும் என்பதைக் கணித்துக்கொள்ள முடியும்.